நாய்க்கும் வேண்டும் ஒரு கட்டில்

"நாய்க்குக் கட்டிலா? நல்ல வேடிக்கை!" என்று இந்தத் தலைப்பைப் பார்த்துச் சிலர் சிரிக்கக்கூடும். கேள்வி நியாயமானதுதான். ஊரில் நம் தாத்தா காலத்து நாய், திண்ணைக்குக் கீழே மண்ணைப் பறித்துக்கொண்டு சுகமாகப் படுத்துக்கொண்டது. அதற்கு யாரும் கட்டில் போடவில்லை; அதுவும் கேட்கவில்லை. ஆனால் அந்த நாட்டு நாயின் எடை 15 கிலோவுக்கு மேல் இராது. அது படுத்தது மண் தரை.

இன்று நாக்பூரிலும் போபாலிலும் புனேயிலும் நம் குடும்பங்கள் வளர்ப்பது பெரும்பாலும் லேப்ரடாரும் ஜெர்மன் ஷெப்பர்டும். வளர்ந்த ஆண் லேப்ரடார் 30 முதல் 36 கிலோ இருக்கும். ஜெர்மன் ஷெப்பர்டு 40 கிலோவைத் தொடும். கிரேட் டேன் 55 கிலோவுக்கும் மேலே. படுப்பதோ மொசைக், கிரானைட், அல்லது வழவழப்பான டைல்ஸ். எடை இரண்டு மடங்கு ஆயிற்று; தரையோ கல்லாகிவிட்டது.

இன்னொரு விஷயமும் உண்டு. பிள்ளைகள் ஆசையாக நாய்க்குட்டி வாங்குகிறார்கள். பிறகு பெங்களூருக்கோ வெளிநாட்டுக்கோ வேலைக்குப் போகிறார்கள். நாய் நம்மிடம் தங்கிவிடுகிறது. எங்கள் வீட்டு மணியும் அப்படித் தங்கியவன்தான். லேப்ரடார், 34 கிலோ, வயது 11. எனக்கு 66, என் மனைவிக்கு 62. அவளுக்கு இரண்டு முழங்காலிலும் வலி. மணி ஒரு நாள் காலையில் எழுந்திருக்க முடியாமல் போனால், அவனைத் தூக்கி வெளியே கொண்டுபோகும் பலம் எங்கள் இருவருக்கும் சேர்த்தும் கிடையாது. ஆகவே அவன் தன் காலால் தானே எழுந்து நடக்கும் நாட்களை எவ்வளவு நீட்டிக்க முடியுமோ அவ்வளவு நீட்டிக்க வேண்டும். இது பாசம் மட்டுமல்ல, எங்கள் வீட்டின் தேவை. நம் சங்கத்தில் இதே நிலையில் இன்னும் சில குடும்பங்கள் இருப்பதை நான் அறிவேன். அவர்களுக்காகவே இக்கட்டுரை.

நான் கால்நடை மருத்துவன் அல்ல. மெக்கானிகல் டிப்ளமா படித்து, ரயில்வேயில் கேரேஜ் அண்டு வேகன் பிரிவில் வேலை பார்த்தவன். படுக்கைப் பலகை, ரெக்ஸின், ஃபோம், குழாய், வெல்டிங் இவற்றோடு காலம் கழித்தவன் என்பதால் கட்டிலைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு என்று நினைக்கிறேன்.

தரையில் படுத்தால் என்ன?

நாய் படுக்கும்போது அதன் முழு எடையும் சில எலும்பு முனைகளின் மேல் இறங்குகிறது. முன்னங்காலின் முழங்கை, இடுப்பின் பக்கவாட்டு எலும்பு, தோள்பட்டை இவைதான் முக்கியமான இடங்கள். அங்கே சதைப் பிடிப்பு குறைவு. கல் தரையில் நாள்தோறும் அழுந்தி அழுந்தி முதலில் முடி உதிரும். பிறகு தோல் தடித்துக் காய்த்துப்போகும். சில பெரிய நாய்களுக்கு முழங்கையில் எலுமிச்சம்பழம் போல ஒரு நீர்க்கட்டி தொங்கும். வலி இராது, ஆனால் அதை ஊசியால் குத்தி நீரை எடுக்கலாம் என்று யாரும் வீட்டில் முயலக்கூடாது. கிருமி உள்ளே போனால் பெரிய புண்ணாகிவிடும். மருத்துவரிடம் காட்டிவிட்டு, படுக்கும் இடத்தை மெத்தென்று ஆக்குவதே முதல் வைத்தியம்.

லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு ஆகிய இரண்டு இனங்களிலும் இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வருவதுண்டு. வயதானால் மூட்டுவாதமும் சேர்ந்துகொள்ளும். அப்படிப்பட்ட நாய் டைல்ஸ் தரையிலிருந்து எழும்போது பின்னங்கால்கள் வழுக்கி விரியும். இரண்டு மூன்று தடவை அப்படி வழுக்கினால் அது எழவே தயங்கும்.

நம் ஊர் நாய்களையும் இங்கே சொல்ல வேண்டும். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை எல்லாம் ஒல்லியான உடற்கட்டு உள்ளவை. (2005-ல் இந்தியத் தபால் துறை நான்கு இந்திய நாயினங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அதில் ராஜபாளையமும் இடம்பெற்றது என்பது நமக்குப் பெருமை.) கொழுப்பும் அடர்ந்த முடியும் இல்லாததால் இவற்றுக்கு முழங்கை இன்னும் சீக்கிரம் காய்த்துவிடும். எடை குறைவுதானே என்று விட்டுவிடக்கூடாது.

மெத்தையை அப்படியே தரையில் போட்டால் போதாதா என்று கேட்கலாம். போடலாம். ஆனால் மழைக்காலத்தில் அடிப்பக்கம் ஈரம் கோத்துப் பூசணம் பிடிக்கும். தெள்ளுப்பூச்சியின் முட்டைகள் நாயின் உடம்பிலிருந்து உதிர்ந்து மெத்தைக்குள்ளேயே பொரிக்கும். வயதான நாய் சில நாள் தூக்கத்தில் சிறுநீர் விட்டுவிடும்; அது பஞ்சுக்குள் இறங்கினால் நாற்றம் போகவே போகாது. தரையை விட்டு உயர்ந்து, கீழே காற்று ஓடி, மேல்துணியைக் கழற்றித் துவைக்கும்படி இருக்கும் கட்டில் இந்த மூன்று தொல்லைக்கும் ஒரே விடை.

சார்பாய் சொல்லும் பாடம்

இந்தப் பக்கத்தில் குடியேறிய நமக்குச் சார்பாய் புதிதல்ல. நம் ஊர்க் கயிற்றுக் கட்டில்தான். நாடா பின்னியதை இங்கே நிவார் கட்டில் என்கிறார்கள். நாய்க்கட்டிலுக்கு வேண்டிய தத்துவம் முழுவதும் அதில் இருக்கிறது. உடம்பின் வடிவத்துக்கு வளைந்து கொடுக்கிறது. அதனால் பாரம் நாலு எலும்பில் நிற்காமல் உடம்பு முழுவதும் பரவுகிறது. கீழிருந்து காற்று வருகிறது. முக்கியமாக, கால்மாட்டில் பின்னல் இல்லாமல் வெறும் கயிறு மட்டும் கோத்திருப்பார்கள். இந்தியில் அதற்கு அத்வான் என்று பெயர். கட்டில் தொய்ந்தால் அதை மட்டும் இழுத்து முறுக்கினால் போதும். முழுப் பின்னலையும் பிரிக்க வேண்டாம்.

ஆனால் சார்பாயை அப்படியே நாய்க்குக் கொடுக்க முடியாது. ஒன்றரை அடி உயரம் வயதான நாய்க்கு அதிகம். கயிற்றின் இடுக்கிலும் மரப் பொருத்துகளிலும் உண்ணி ஒளிந்துகொள்ளும். வீட்டு நாய்களைப் பிடிக்கும் பழுப்பு உண்ணி, ரத்தம் குடித்ததும் நாயை விட்டு இறங்கி, இடுக்குகளில் ஏறி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அது பரப்பும் காய்ச்சல் நாயின் உயிருக்கே ஆபத்தானது. ஆகவே கட்டிலில் இடுக்கும் பொந்தும் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. நகம் கயிற்றில் மாட்டிக்கொள்ளும் அபாயமும் உண்டு.

அளவும் உயரமும்

கடையில் 'லார்ஜ்', 'எக்ஸ்ட்ரா லார்ஜ்' என்று எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். டேப்பை எடுத்து நாயை அளந்துவிடுங்கள். அது ஒருக்களித்துக் காலை நீட்டித் தூங்கும்போது, மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை ஓர் அளவு. முதுகிலிருந்து நீட்டிய பாதம் வரை இன்னோர் அளவு. நீளத்தோடு 8 முதல் 10 அங்குலம் கூட்டிக்கொள்ளுங்கள். லேப்ரடாருக்கு 4 அடி நீளமும் இரண்டரை அடி அகலமும் சரியாக வரும்.

உயரம் 6 முதல் 8 அங்குலம். அதற்குக் குறைந்தால், பாரத்தில் துணி தொய்யும்போது தரையைத் தொட்டுவிடும். கீழே துடைப்பமும் நுழையாது. வயதான நாய்க்கு 6 அங்குலத்தைத் தாண்ட வேண்டாம். அது ஏறும்போது முன்காலை வைத்துவிட்டுப் பின்காலைத் தூக்கத் தயங்குகிறதா என்று பாருங்கள். தயங்கினால் பக்கத்தில் அகலமான ஒரு பலகையை 3 அங்குல உயரத்தில் படியாக வைத்து, அதன் மேல் சாக்கை ஆணியடித்து விடுங்கள். இறங்கும் பக்கத்தில் தரையில் ஒரு ரப்பர் மிதியடியோ தடித்த ஜமுக்காளமோ கட்டாயம் வேண்டும். ஜமுக்காளம் என்றால் நழுவாமல் கீழே ரப்பர் வலை போட்டுவிடுங்கள். கட்டில் நன்றாக இருந்தும் இறங்கும் இடம் வழுக்கினால் பயனில்லை.

சட்டம் எவ்வளவு பலம்?

இங்கே கொஞ்சம் கணக்கு. பயப்பட வேண்டாம்; டிப்ளமா முதல் வருஷக் கணக்குத்தான்.

இரண்டு குழாய்களுக்கு நடுவே கட்டிய துணியின் மேல் பாரம் வைத்தால், அது குழாய்களைக் கீழே அழுத்துவதோடு உள்பக்கமாகவும் இழுக்கும். துணி எவ்வளவு விறைப்பாக இருக்கிறதோ அவ்வளவு அதிகம் இழுக்கும். அகலம் 30 அங்குலம், நாய் 40 கிலோ, துணி 3 அங்குலம் தொய்கிறது என்று வையுங்கள். ஒவ்வொரு நீளக் குழாயையும் உள்ளே இழுக்கும் விசை ஏறக்குறைய 50 கிலோ. தொய்வு ஒன்றரை அங்குலமானால் 100 கிலோ. அரை அங்குலமே தொய்யும்படி தபலா போல இழுத்துக் கட்டினால் 300 கிலோ! துணியை இறுக்கிக் கட்டுவதுதான் பலம் என்று நினைப்பது தவறு. கொஞ்சம் தொய்வு இருந்தால்தான் குழாயும் பிழைக்கும், தையலும் பிழைக்கும், நாய்க்கும் சுகம். பெரிய நாய்க்கு இரண்டு முதல் மூன்று அங்குலத் தொய்வு சரியானது.

இதோடு, நாய் மெதுவாக ஏறிப் படுப்பது ஒன்று. ஓடிவந்து தொப்பென்று விழுவது இன்னொன்று. ஒரு பாரத்தைத் திடீரென்று விட்டாலே அது இரண்டு மடங்காக வேலை செய்யும். உயரத்திலிருந்து குதித்தால் அதற்கும் மேல். ஆகவே கட்டில் நாயின் எடையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் தாங்க வேண்டும்.

மைல்டு ஸ்டீல் குழாயில் செய்வதானால், 25 கிலோ வரையுள்ள நாய்க்கு 1 அங்குல விட்டம் போதும். 40 கிலோ நாய்க்கு ஒன்றேகால் அங்குலம், 16 கேஜ், அதாவது சுமார் 1.6 மில்லிமீட்டர் கனம் கேளுங்கள். கடைக்காரர் 20 கேஜ் குழாயைக் காட்டி "எல்லாம் ஒன்றுதான் சாப்" என்பார். அதன் கனம் 0.9 மில்லிமீட்டர்தான், விலை குறைவு, வளைவது சீக்கிரம். நடுவில் குறுக்குச் சட்டம் போடச் சொன்னால் பலம் கூடும் என்று தோன்றும். ஆனால் துணி தொய்யும்போது அது நாயின் விலாவில் இடிக்கும். போட வேண்டுமானால் மேல்மட்டத்துக்கு 4 அங்குலம் கீழே, கால்களோடு சேர்த்துப் போடுங்கள்.

துரு நம் முதல் எதிரி. நாயின் சிறுநீரில் உப்பு இருக்கிறது. நாள்பட அது அம்மோனியாவாகவும் மாறும். சாதாரணப் பெயின்ட் அடித்த இரும்புக் கால்கள் இரண்டு வருஷத்தில் அடியிலிருந்து உரியத் தொடங்கும். கால்வனைஸ் செய்த குழாய் நல்லது. ஆனால் வெல்டிங் செய்த இடத்தில் துத்தநாகம் எரிந்துபோகும். அங்கே கம்பித் தூரிகையால் தேய்த்து, துத்தநாகப் பெயின்ட் இரண்டு கை பூச வேண்டும். பவுடர் கோட்டிங்கும் நல்லது, கீறல் விழாத வரை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் 304 ரகம் கேளுங்கள். 202 ரகமும் பளபளப்பாகத்தான் இருக்கும். காந்தம் வைத்துப் பார்த்தும் வேற்றுமை தெரியாது. ஆனால் உப்புப் பட்டால் புள்ளி புள்ளியாகத் துரு ஏறும். பில்லில் ரகத்தை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

குழாய்களின் முனைகளைத் திறந்து விடாதீர்கள். உண்ணி குடியேற அதைவிட நல்ல இடம் இல்லை. வெல்டிங் செய்தோ பிளாஸ்டிக் மூடி போட்டோ அடைத்துவிடுங்கள். கால்களுக்கு ரப்பர் புஷ் மிக அவசியம். நாய் ஏறும்போது கட்டில் ஒருமுறை நகர்ந்துவிட்டால், பிறகு அது கட்டிலை நம்பாது.

கடையில் பெட்டியில் வைத்து விற்கும் கட்டில்களில், பெரும்பாலும் மூலைகளில் பிளாஸ்டிக் இணைப்புகள் இருக்கும். முதலில் உடைவது அவைதான். மூலை இரும்பாக இருப்பதைப் பார்த்து வாங்குங்கள். மாற்றல் ஆகிக்கொண்டே இருக்கும் குடும்பங்கள் கழற்றி மாட்டும் வகையை வாங்குவது சௌகரியம். குழாய்க்குள் குழாய் நுழைந்து போல்ட் போடும் அமைப்பாக இருந்தால் லாரியில் ஒரு மூங்கில் கட்டுப் போலக் கிடக்கும்.

எந்தத் துணி?

பருத்திக் கேன்வாஸ் மெத்தென்று இருக்கும். ஆனால் நனைந்தால் சுருங்கும், ஈரம் நின்றால் இற்றுப்போகும். நைலான் பலமானது, ஆனால் தண்ணீரைக் கொஞ்சம் உறிஞ்சும், நனைந்தால் நீளும். பாலியெஸ்டர் ஏறக்குறைய தண்ணீர் குடிப்பதே இல்லை, நீளுவதும் குறைவு. பாலிபுரொப்பிலீன் நாடா மலிவு. ஆனால் வெயிலில் போட்டால் ஒரு வருஷத்தில் பொடியாக உதிரும். என் தேர்வு, பி.வி.சி. பூசிய பாலியெஸ்டர். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, லாரிக்குப் போடும் கனத்த தார்ப்பாய். நாக்பூரில் தாட்பத்ரி கடை என்று கேட்டால் காட்டுவார்கள். இந்தி பேசும் ஊர்களில் திர்பால். இன்னொன்று, தோட்ட நாற்காலிகளில் பார்க்கும் வலைத்துணி. வலைத்துணியில் காற்றும் தண்ணீரும் தாராளமாக இறங்கும். கோடைக்கும் சிறுநீர் விடும் கிழ நாய்க்கும் அதுவே மேல். பிறாண்டும் வழக்கமுள்ள நாய்க்குக் கனத்த தார்ப்பாய் மேல்.

துணியின் மேல் 600 டெனியர், 1000 டெனியர் என்று எழுதியிருக்கும். 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அதுவே டெனியர். எண் கூடினால் நூல் கனம் கூடும். பள்ளிப் பைகளுக்கு 600 போதும். பெரிய நாய்க்கு 1000-க்குக் குறையாமல் பாருங்கள். ஆனால் நாய் கடித்தாலும் கிழியாத துணி என்று உலகில் ஒன்று கிடையாது. கிழிவது எப்போதும் ஓரத்தில்தான் தொடங்கும். பல்லுக்குச் சிக்கும்படி ஓரம் வெளியே தெரியாமல் இருந்தால் பாதி வெற்றி.

ஆகவே திருகாணி போட்டுத் துணியைச் சட்டத்தில் பதித்திருக்கும் கட்டிலைத் தவிர்த்துவிடுங்கள். ஓட்டைகளில் கிழியும், துவைக்கக் கழற்றவும் முடியாது. நான் செய்து வைத்திருப்பது இப்படி: துணி இரண்டு நீளக் குழாய்களையும் மேலிருந்து சுற்றிக் கீழே வந்து, உள்பக்கமாக 5 அங்குலம் மடிகிறது. அந்த இரண்டு ஓரங்களிலும் 4 அங்குலத்துக்கு ஒன்றாகப் பித்தளைக் கண்ணிகள். அடியில், ஷூ லேஸ் கட்டுவது போல, ஒரே நைலான் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்துக் கட்டியிருக்கிறேன். ஓரம் எதுவும் மேலே தெரியாது. தொய்ந்தால் கயிற்றை இழுத்து முடிந்தால் போயிற்று. சார்பாயின் அத்வான்தான் இது. துவைக்க வேண்டுமானால் ஒரு முடிச்சை அவிழ்த்தால் போதும். கண்ணி இரும்பாக இருக்கக்கூடாது. ஓரத்தை மடித்து உள்ளே நிவார் நாடா வைத்து, பாலியெஸ்டர் நூலால் இரட்டைத் தையல் போடச் சொல்லுங்கள். பருத்தி நூல் துணிக்கு முன்பே இற்றுவிடும்.

இந்தக் கட்டில் அஜ்னி பக்கத்தில் ஒரு வெல்டிங் பட்டறையில் செய்தது. ஏழு வருஷமாக மூன்று துணி மாற்றியாயிற்று. சட்டம் அதேதான்.

மேலே மெத்தை வேண்டுமா?

இளம் நாய்க்கு வேண்டாம். மூட்டுவலி உள்ள நாய்க்கு வேண்டும். 1977 முதல் 1979 வரை ரயில்வே அமைச்சராக இருந்த மது தண்டவதே, இரண்டாம் வகுப்புப் படுக்கைகளின் மரப்பலகை மேல் 2 அங்குல ஃபோம் போடச் செய்தார். அந்த 2 அங்குலம் கோடிக்கணக்கான முதுகுகளுக்குச் செய்த நன்மை, தமிழ்நாட்டுக்கும் இங்குமாக இரண்டு இரவு பயணம் செய்து பழகிய நமக்கு விளக்க வேண்டியதில்லை. நாய்க்கும் அதே கணக்குத்தான். இழுத்துக் கட்டிய துணியின் மேல் 2 அங்குலம் போதும். வெறும் தரையில் போடுவதானால் 4 அங்குலம் வேண்டும். 32 அல்லது 40 டென்சிட்டி ஃபோம் கேளுங்கள். முட்டியை வைத்து அழுத்தும்போது அடித்தளம் கையில் தட்டினால் அந்த ஃபோம் ஆகாது. ஃபோமுக்கு நேரே ஒரு நீர்புகா உறை. அதன் மேல் ஜிப் வைத்த பருத்தி உறை. மேல் உறை இரண்டு இருக்கட்டும். மழைக்காலத்தில் ஒன்று காய இரண்டு நாள் ஆகும்.

கழுவும் முறை

தினமும் துணியைத் தட்டி முடியை உதறுங்கள். வாரம் ஒருமுறை மேல் உறையைத் துவையுங்கள். முடியைத் துடைத்து எடுத்த பிறகே வாஷிங் மெஷினில் போட வேண்டும். இல்லாவிட்டால் வடிகுழாய் அடைத்துக்கொள்ளும். துணி தாங்குமானால் 60 டிகிரி வெந்நீர் நல்லது, தெள்ளுப்பூச்சியின் முட்டை அதில் பிழைக்காது. பி.வி.சி. துணியை மெஷினில் போடக்கூடாது. சோப்புத் தண்ணீரும் தேங்காய் நாரும் போதும்.

சிறுநீர் பட்ட இடத்தில் முதலில் வெறும் தண்ணீரை நிறைய ஊற்றிக் கழுவிவிடுங்கள். அதன் மேல் நேரடியாக பிளீச்சிங் பவுடர் கரைசலை ஊற்றாதீர்கள். சிறுநீரின் அம்மோனியாவும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் மூச்சை அடைக்கும் நச்சு வாயு கிளம்பும். கறுப்பு பினாயிலும் வேண்டாம். நாய் நக்கும் இடம் அது. மாதம் ஒருமுறை கட்டிலைக் கவிழ்த்து, மூலைகளில் உண்ணி இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அப்படியே போல்ட்டுகளையும் முடுக்கிவிடுங்கள். வெயிலில் ஒன்றிரண்டு மணி நேரம் காய்ந்தால் போதும். மொட்டைமாடியிலேயே நிரந்தரமாகப் போட்டால் பி.வி.சி. வெடித்துவிடும்.

நம் ஊர் வெயிலும் குளிரும்

'கீழே காற்றோட்டம், ஆகவே நாய்க்குக் குளிர்ச்சி' என்று விளம்பரங்களில் இருக்கும். பாதி உண்மை. நாயின் உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி. காற்று அதைவிடக் குளிர்ச்சியாக இருக்கும் வரை, கீழே ஓடும் காற்று உடம்புச் சூட்டைக் கொண்டுபோகும். நாக்பூரின் மே மாதப் பகலில் காற்றே 45 டிகிரி. அப்போது அது சூட்டைக் கொண்டுபோகாது, கொண்டுவந்து கொடுக்கும். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்ப்பதும் இல்லை; மூச்சிரைத்துத்தான் ஆற்றிக்கொள்கிறது. ஆகவே கோடைப் பகலில் கட்டிலைப் பால்கனியில் வைக்காதீர்கள். கூலர் காற்று வரும் அறையில் வையுங்கள். அது கட்டிலை விட்டு இறங்கிக் குளிர்ந்த தரையில் வயிற்றை ஒட்டிப் படுத்தால் விரட்டாதீர்கள்; அதன் கணக்கு சரி. டிசம்பர், ஜனவரியில் இரவு 10 டிகிரிக்கு இறங்கும்போது நிலைமை நேர்மாறு. கீழிருந்து வரும் காற்றே குளிரும். ஒரு பழைய கம்பளியை நான்காக மடித்துத் துணிமேல் விரித்துவிடுங்கள். மேலே போர்த்துவதைவிடக் கீழே விரிப்பதுதான் முக்கியம்.

பழக்குவதும், வேண்டாதவர்களும்

ஆடும் தளத்தில் கால் வைக்க நாய் முதலில் பயப்படும். பிடித்துத் தூக்கி வைக்காதீர்கள். அது ஏற்கெனவே விரும்பிப் படுக்கும் மூலையிலேயே கட்டிலைப் போட்டு, அதன் பழைய விரிப்பையே மேலே விரியுங்கள். ஒரு பிஸ்கட் வையுங்கள். மணிக்கு நான்கு நாள் ஆயிற்று. இதில் இன்னொரு லாபமும் உண்டு. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் "நாய் எங்கே வேண்டுமானாலும் புரளுகிறது, பூஜை அறைப் பக்கம் முடி பறக்கிறது" என்று குறை இருக்கும். நாய்க்கென்று ஓர் இடம் ஏற்பட்டுவிட்டால் அது பெரும்பாலும் அங்கேயே கிடக்கும், பாட்டிகளுக்கும் சமாதானம்.

சில நாய்களுக்கு இந்தக் கட்டில் ஆகாது. எதையும் கடித்து விழுங்கும் குட்டிகளுக்கு வேண்டாம். விழுங்கிய நூல் குடலை அடைத்துவிடும். கண் தெரியாதவை, வலிப்பு வருபவை, ஆபரேஷன் ஆனவை இவற்றுக்கும் தரையில் கனத்த மெத்தையே நல்லது. அறவே எழ முடியாத நாயைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் படுக்கைப் புண் வரும். நாயின் சங்கிலியைக் கட்டிலில் கட்டவே கூடாது.

வாங்கும்போது ஆறு கேள்விகள்

1. நாயை அளந்த அளவு கையில் இருக்கிறதா?

2. கட்டிலின் நடுவில் 75 கிலோ ஆள் மெதுவாக உட்கார்ந்தால் மூலைகள் கிறீச்சிடாமல், துணி தரையைத் தொடாமல் தாங்குகிறதா? கடையிலேயே உட்கார்ந்து பாருங்கள், வெட்கப்பட வேண்டாம்.

3. நாலு காலும் தரையில் பதிகின்றனவா? ரப்பர் புஷ் இருக்கிறதா?

4. துணியைக் கழற்றி மாட்ட எத்தனை நிமிஷம்? பத்து நிமிஷத்துக்கு மேல் ஆனால் நீங்கள் துவைக்கவே மாட்டீர்கள்.

5. மாற்றுத் துணி தனியாகக் கிடைக்குமா? கிடைக்காவிட்டால் தையற்காரர் தைத்துத் தரும்படியான எளிய வடிவமா?

6. குழாய் முனைகள் அடைத்திருக்கின்றனவா?

இந்த ஆறுக்கும் 'ஆம்' என்று பதில் சொல்லும் கட்டில் கடையில் கிடைத்தால் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் பக்கத்துப் பட்டறையில் செய்துகொள்ளுங்கள். நம் சங்க உறுப்பினர்கள் யாராவது செய்ய விரும்பினால், குழாய் அளவுகளோடு ஒரு படம் வரைந்து தருகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சங்க நூலகத்தில் பார்க்கலாம்.